வாழைத்தோப்பு விலையில் ஒரு வயலின்

ஞானசௌந்தரிக்கு இடது காது கேட்காது என்பது தொண்ணூற்றாறு டிசம்பர் வரைக்கும் என் ஒருத்திக்குத்தான் தெரியும். கூடப் பிறந்த தம்பிக்குத் தெரியாது. சர்ச்சில் காலம் காலமாகக் கூட நின்று பாடுகிறவர்களுக்கும் தெரியாது. டெலிபோன் ஆபீசில் அவளுக்கு இடது பக்கத்து நாற்காலி என்னுடையது என்பதால் எனக்குத் தெரிந்துபோயிற்று. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கோபித்துப் பார்த்தேன், முழங்கையால் இடித்துப் பார்த்தேன், பிறகுதான் விஷயம் புரிந்தது. "ஏட்டி ஆபிதா, வெளிய மூச்சு விட்டே, ஒன்னய கொன்னே போட்டுருவேன்" என்றாள். வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய நான், அந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைப்பதற்கு முன்னால், வெளியூருக்குப் பேசவேண்டுமென்றால் ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடக்கவேண்டும். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒயரைப் பிடுங்கியும் சொருகியும் லைன் போட்டுக் கொடுப்போம். எழுதுவதற்கு வலது கை வேண்டும் என்று ஞானம் இடது காதில் மாட்டுவாள். மாட்டுவதோடு விட்டாளா? லைன் கரகரத்தால் நாங்களெல்லாம் "சரியாக் கேக்கலை, அப்புறம் கூப்பிடுங்க" என்று கழற்றிவிடுவோம். இவள் இடது கையால் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பம்பாயிலிருந்து பேசுகிறவரின் கடைசி வார்த்தை வரை வாங்காமல் விடமாட்டாள். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் ஹலோ சொல்வதற்கு முன்னால் ஒரு இருமல் இருமுவார். அந்த இருமலைக் கேட்டதுமே அவருக்குத் தூத்துக்குடி லைனைத் தயார் செய்துவிடுவாள். இப்படியே வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துவிட்டது. டாக்டரிடம் போ என்றால், "அதான் இன்னொண்ணு இருக்குல்லா" என்பாள்.

ஆள் நெட்டை. இன்ஸ்பெக்டர் மாதிரி நடப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "லைன் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். நாளடைவில் ட்ரங்க் போர்டில் வேலை குறைந்து, எங்களை விசாரணைப் பிரிவில் உட்காரவைத்தார்கள். நான் சந்தோஷமாக ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். அவளுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று. அதன்பிறகு அவளுக்கு என்று மிஞ்சியது சர்ச் பாட்டுக் குழுவான க்வயர் ஒன்றுதான்.

நான் மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டுப் பெண். ஆனாலும் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீசுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். முடிந்ததும் கேக் கொடுப்பார்கள், அதையும் மறைக்கவில்லை. ஞானம் பாடுவது ஆல்டோ. பாட்டின் மெட்டை சோப்ரானோ பெண்கள் மேலே பாடிக்கொண்டு போவார்கள். ஆல்டோக்காரிகள் அதற்குக் கீழே தனி வழியில் போகவேண்டும். பக்கத்துக் குரல் காதில் விழாவிட்டால் வழி தவறிவிடும். ஞானம் எப்போதும் வரிசையின் இடது கோடியில் நிற்பாள். இடது பக்கம் சுவர், வலது பக்கம் எல்லாக் குரல்களும். கோடி இடம் மூத்தவருக்கு உரிய மரியாதை என்பது அந்த க்வயரில் ஒரு முறை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

க்வயர் மாஸ்டர் சுவிசேஷமுத்து சார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு கோணினாலும் கோபம் வரும், சுதி கோணினாலும் கோபம் வரும். ஆனால் யாரையும் திட்டி வெளியே அனுப்பமாட்டார். பொன்னாடை போர்த்துவார்! ஆண்களில் மேல்குரலான டெனர் பாடிய, கண்ணில் புரை விழுந்த ஒருவருக்கும், கீழ்க்குரலான பேஸ் பாடிய, மூச்சு வாங்க ஆரம்பித்த ஒருவருக்கும் முந்தின வருஷம் சபைக்கு முன்னால் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கீழே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள். அதிலிருந்து க்வயரில் வயதானவர்களுக்குப் பொன்னாடை என்றாலே குலை நடுங்கும்.

அந்த டிசம்பர் ஒத்திகையில் அவர் திடீரென்று, "இந்த வருஷம் ஆல்டோ எல்லாரும் வலது பக்கம் வந்துருங்க. மைக் வசதிக்கு அதான் நல்லது. கோடியில வழக்கம்போல ஞானம்" என்று சொல்லிவிட்டார். இப்போது அவளுடைய நல்ல காதுப் பக்கம் சுவர். பாட்டு முழுவதும் கேட்காத காதுப் பக்கம்.

"வாயை மட்டும் அசைச்சிட்டு வந்துட்டேன் ஆபிதா" என்று மறுநாள் கேன்டீனில் சொன்னாள். வடையைத் தொடவில்லை.

"இடத்தை மாத்துங்கன்னு சொல்லித் தொலையேன்."

"ஏன்னு கேப்பாரு. சொன்னா போத்திருவாரு. போர்டும் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் என்னத்தட்டி செய்ய?" சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மழை இடிக்கெல்லாம் கலங்காமல் லைன் போட்டவள் அழுவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த மனுஷரைப் போய் இரண்டு கேள்வி கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்டால் ரகசியம் போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி எபனேசர் சிங்கப்பூரிலிருந்து கிறிஸ்துமசுக்கு வந்து இறங்கினான். அங்கே பாட்டுக் கேட்கிற கருவிகள் விற்கிற பெரிய கடையில் வேலை. மூன்று பெட்டிகளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். மூன்றிலும் எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன். சாதாரண ஹெட்போனில் இருக்கிற காந்தமும் கம்பிச்சுருளும் இதில் கிடையாதாம். வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு தாளாம். கூட ஒரு கரண்டுப் பெட்டி வரும், அது நூற்றுக்கணக்கான வோல்ட்டை ஏற்றி அந்தத் தாளை அதிரவைக்குமாம். "இவ்வளவு வோல்ட்டைக் காதுல வெச்சு, கர்த்தர் கிருபையில ஒண்ணும் ஆகாதாக்கும்?" என்று அவன் பெண்டாட்டி டார்லின் கேட்டாள். ஆகாது என்று சத்தியம் செய்தான்.

மூன்றும் மூன்று விலை. முதலாவது ஒரு கலர் டி.வி. விலை. இரண்டாவது ஒரு ஸ்கூட்டர் விலை. மூன்றாவதைச் சொல்ல அவனுக்கே நாக்கு கூசியது. அந்தக் காசுக்குக் களக்காட்டுப் பக்கம் காய்ப்புக்கு வந்த வாழைத்தோப்பு வாங்கலாம் என்றான். அதிலிருந்து வீட்டில் அவற்றுக்கு டி.வி., ஸ்கூட்டர், தோப்பு என்றே பேர் ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியாம்: விலைக்குத் தக்க வித்தியாசம் உண்டா? முதலாளி இவனைப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். "எங்க அக்கா காது போதும்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன். இருமலைக் கேட்டு ஆளைச் சொல்லுத காது!" என்று பெருமையாகச் சொன்னான். ஞானம் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சோதனை. எபனேசர் பெருமை தாங்காமல் தன் பழைய வாத்தியாரையும் அழைத்திருந்தான். சுவிசேஷமுத்து சார் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, முன் அறையில் இருந்த ஒரே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். யாருக்குத் தெரியக்கூடாதோ அந்த ஆளையே எதிரில் உட்காரவைத்துக் காதைச் சோதிப்பது என்றால் எப்படி இருக்கும்? ஞானம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள்.

எபனேசர் முதலில் எல்லோர் முகத்தையும் பார்த்தான். அந்தத் தாள் தூசியை இழுத்துக்கொள்ளுமாம், அதனால் பவுடர் போட்ட முகத்தோடு யாரும் கிட்டே வரக்கூடாதாம். சார் வருகிறார் என்று இரண்டு கோட்டிங் போட்டுக்கொண்டு நின்ற டார்லின் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அதற்கு அவள் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. ஞானத்தின் தலையில் தேங்காய் எண்ணெய் என்று காதோரத்தைக் கைக்குட்டையால் துடைக்கச் சொன்னான். துடைத்தாள்.

டி.வி.யை எடுத்து நீட்டினான். ஞானம் தானே வாங்கிச் சரியாக மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது. கண்ணை மூடிக் கேட்டாள். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"நல்லாருக்குலே. பாடுதவங்க குரல் தெளிவா இருக்கு. பியானோ முத்து முத்தா விழுது."

அடுத்தது ஸ்கூட்டர். அதையும் தானே மாட்டினாள். "அடேயப்பா! பாடுததுக்கு முன்ன மூச்சு இழுக்காள்லா, அதுகூடக் கேக்கு. பியானோக் கட்டையில நகம் படுதது கேக்கு."

எபனேசர் துள்ளாத குறை. சுவிசேஷமுத்து சார் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். தப்பித்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன்.

தோப்பை மட்டும் அவன் அவள் கையில் கொடுக்கவில்லை. வாழைத்தோப்பைக் கீழே போட்டுவிட்டால் யார் பொறுப்பு? அவளை உட்காரவைத்து, எதிரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கிரீடம் வைப்பதுபோல் பைய வைத்தான். பாட்டைப் போட்டான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, நாங்கள் யாரோ புது ஆட்கள் என்பதுபோல் பார்த்தாள்.

"இந்த வயலின் எங்கன இருந்துலே வருது?" என்றாள். முகம் பூவாக மலர்ந்திருந்தது. "ஏலே எபி, இதுல வயலின்லா இருக்கு! முந்துன ரெண்டுலயும் இல்லியே!"

பைத்தியக்காரி, ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

"கூடக் காசுக்குக் கூட வாத்தியம், நியாயந்தானே" என்றாள் டார்லின் சுவரைப் பார்த்து.

எபனேசர் விழித்தான். "இல்லக்கா, வயலின் மூணுலயும் உண்டே..."

"இங்க கொண்டாலே" என்று சுவிசேஷமுத்து சார் கையை நீட்டினார்.

"சார், டீ ஆறிப்போகுது" என்றேன் நான். வேறு என்ன சொல்ல? அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, எந்தப் பக்கம் எந்த எழுத்து என்று பார்த்துச் சரியாக மாட்டினார். தோப்பைக் கேட்டார், ஸ்கூட்டரைக் கேட்டார், டி.வி.யைக் கேட்டார். ஒவ்வொன்றிலும் முழுப் பாட்டையும் கேட்டார். ஞானம் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவளுக்கும் அதற்குள் புரிந்துபோயிருந்தது.

கடைசியில் கழற்றி வைத்தார். "ஞானம் சொல்லுதது தப்பு. வயலின் மூணுலயும் இருக்கு" என்றார். ஞானம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா ஒண்ணு எபி, ஒங்க அக்கா பியானோ பியானோன்னு சொன்னாளே, அது எங்க? ஒண்ணுலகூட பியானோவே கிடையாது."

"பியானோ இல்லாமயா சார்?" எபனேசர் கடையில் சரக்கைக் காட்டுகிற குரலில் வேகமாக ஆரம்பித்தான். "சோதிக்கதுக்குன்னே செஞ்ச டிஸ்க் சார் இது. பாடுதவங்க ரெண்டு பக்கமும் வருவாங்க. வயலின் இடது காதுல மட்டும், பியானோ வலது காதுல மட்டும். அக்காவுக்குக் கடைசியில எதுத்தாப்ல நின்னு மாட்டுனதுல பக்கம் மாறிப்போச்சு போலுக்கு, அதனால..." அவ்வளவில் நின்றுவிட்டான். அக்காவைப் பார்த்தான். சாரைப் பார்த்தான்.

ஞானம் பைய நிமிர்ந்தாள். போர்டில் எந்த லைன் பழுது என்று தேடும்போது ஒரு பார்வை பார்ப்பாள், அதே பார்வை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எந்தக் காது?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "வலது" என்றார்.

"எனக்கு இடது."

முதலில் சிரித்தது டார்லின்தான். பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. எபனேசர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தான். சுவிசேஷமுத்து சார் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "அப்ப எனக்கு யாரு போத்துதது?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எபனேசருக்கு மட்டும் வேலைக் கவலை. "முதலாளிக்கு என்னத்தக்கா எழுத?" என்றான். ஞானம் இந்தத் தடவை மூன்றையும் பக்கம் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டாள். "டி.வி.யில வயலின் கேக்கு. ஸ்கூட்டர்ல வில்லு உரசுதது கேக்கு. தோப்புல வில்லப் பிடிச்சிருக்கவனே கேக்கான். எழுதிக்கோ. ஆனா அவனைக் கேக்கணும்னு வாழைத்தோப்பக் குடுக்கதுக்கு எவன் வருவானோ!"

அதற்குள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் போன பிறகு வருகிற கோபம். எழுந்து நின்றாள்.

"சரி அண்ணாச்சி. ஒங்களுக்கே ஒரு காதுன்னா, நல்லா நின்னுக்கிட்டிருந்த என்னைய எதுக்கு அந்தப் பக்கம் சுவரோரம் தள்ளுனீக? பத்து நாளா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அலையுதேன். வாயை அசைச்சு அசைச்சு ஊமைச்சி மாதிரி நிக்கேன்."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் ஒங்க எல்லாரையும் எதுத்தாப்ல பாத்துல்லா நிக்கேன். ஒங்க இடது பக்கம் எனக்கு வலது பக்கம். இந்த வலது காது போனதுல இருந்து ஆல்டோ இருக்கதே எனக்குத் தெரியல. சோப்ரானோப் பிள்ளைகள் இஷ்டத்துக்குச் சுதியை ஏத்திக்கிட்டுப் போகும். அப்பல்லாம் நான் ஒன் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எல்லாரையும் கீழ இறக்குவேன். இப்ப அந்தக் குரலே எனக்கு வரல. மைக்காவது ஒண்ணாவது. ஒன் குரல் கேக்கணும்னுதான் ஞானம் ஒன்னய இந்தப் பக்கம் கொண்டாந்தேன்."

டார்லின் டீத் தம்ளர்களை எடுக்கிற சாக்கில் உள்ளே போய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பிறகு ஞானம் ஆபீசில் எங்களை விரட்டுகிற மாதிரி விரட்ட ஆரம்பித்தாள். மெத்தை நாற்காலியை ஓரமாகத் தள்ளச் சொன்னாள். சாரை ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். எதிரில் எங்களை வரிசையாக நிறுத்தினாள். பாட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், என்னையும் ஆல்டோ ஆக்கினாள். அவருடைய இடது காதுக்கு நேராக, வரிசையின் வலது கோடியில் நானும் டார்லினும். அவள் கோடிக்குப் போகாமல் எங்களுக்கு உள்பக்கம் வந்து நின்றுகொண்டாள். இப்போது ஆல்டோ முழுவதும் அவளுக்கு வலது பக்கம், அவருக்கு இடது பக்கம். அவளுடைய கேட்காத காதுப் பக்கம் டெனருக்கு எபனேசர்.

"அப்ப டெனர் ஒனக்குக் கேக்காதே?" என்றார் அவர்.

"அதுகளக் கேக்காம இருந்தா நிம்மதி."

"கோடி இடம் மூத்தவங்களுக்குல்லா. விட்டுக்குடுத்துருவியா?"

"யாராவது எடுத்துக்கிடட்டும்" என்றாள். அந்த வருஷம் கேரல் சர்வீசில் அந்த மரியாதை ஆல்டோவில் அடுத்த மூத்தவளான சாலோமிக்குப் போயிற்று. தன் குரலுக்குத்தான் அது கிடைத்தது என்று அவள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று அந்த முன் அறையில் ஞானம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தன் பாகத்தின் முதல் அடியைப் பாடினாள். மெட்டு இல்லாமல் ஆல்டோவை மட்டும் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. ஆனாலும் சுவிசேஷமுத்து சார் கண்ணை மூடி, இடது காதை அவள் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை தானாகத் தாளத்துக்கு அசைந்தது.

"இந்தக் குரலைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு ஞானம்" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. அடுத்த அடியையும் பாடினாள்.